பிள்ளைக்கு ஜாமீன்

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் தோட் லேன் என்னும் சந்தில், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறு கடை ஒன்று திறக்கப்பட்டது. அதைத் திறந்த இருபத்தெட்டுப் பேருள் கம்பளித் துணி நெய்வோர் பலர் இருந்தனர். இவ்வரலாறு நம் அங்கத்தினர் யாவரும் கூட்டுறவு வார விழாக்களில் கேட்டுச் சலித்ததேயாம். ஆயினும் அச்சங்கத்தார் தம் நோக்கங்களை எழுதிவைத்தபோது அப்பட்டியலின் இறுதியில் சேர்த்த ஒன்றை மேடைகளில் யாரும் எடுத்துக் கூறுவதில்லை. மது விற்காத விடுதி ஒன்றைச் சங்கத்திற்குச் சொந்தமான வீட்டில் கூடிய விரைவில் திறக்கவேண்டும் என்பதே அது.

மளிகைக் கடை வைக்க வந்தவர்களுக்கு மதுவைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வாரம் முழுதும் தறியில் ஈட்டிய கூலி, வாரக் கடைசியில் சாராய விடுதியில் தங்கிவிடுவதை அவர்கள் தம் கண்ணால் கண்டவர்கள். ஆகவே நெசவாளர் சங்கமும் போதையும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. இந்த இதழில் சாயம், நூல் விலை, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றியே எழுதிவரும் நான், இம்மாதம் வீட்டிற்குள் நிகழும் ஒன்றைப் பற்றி எழுதத் துணிவதற்கு இந்த முன்னோடிகளே எனக்குத் துணை. பதினெட்டு வயது கடந்த பிள்ளை லாகிரிப் பழக்கத்தில் வீழ்ந்துவிட்டால் பெற்றோர் செய்யக்கூடியது என்ன என்பதே பொருள்.

நம் புதுவையின் நிலை தனிப்பட்டது. 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. அப்போது நாம் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தோம். கோரிமேட்டு எல்லையைத் தாண்டி வந்தால் குடிக்கலாம் என்பது அந்நாளிலேயே ஏற்பட்ட வழக்கம். 1954 நவம்பர் முதல் நாள் கொடி மாறிற்று, வழக்கம் மாறவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். புதுவையில் 18 போதும். சாராயக் கடையும் கள்ளுக் கடையும் ஏலம் விடப்பட்டு அரசாங்கத்திற்கு வருமானம் தருகின்றன. வார இறுதியில் வெளியூர் வாலிபர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவதையும் நாம் பார்க்கிறோம். இவற்றின் நடுவேதான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். தாமே மாலைதோறும் குடித்துவிட்டு வந்து, 'நீ தொடாதே' என்று மகனுக்கு உபதேசிக்கும் தந்தையரும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்களுக்கு இக்கட்டுரையால் பயன் உண்டாகுமென்று நான் நம்பவில்லை. அவர்கள் முதலில் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மது ஒன்றுதானா? கஞ்சா, தூக்க மாத்திரை, வலி தீர்க்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளுதல், சிறுவர்களாயின் பஞ்சர் ஒட்டும் பசையை முகர்தல் எனப் பட்டியல் நீண்டுவிட்டது. 1898-இல் ஏற்பட்டு, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ரோடியர் ஆலை, அதாவது ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், 2020-இல் மூடப்பட்டது. தகப்பன் ஆலைக்கோ தறிக்கோ போனால் மகனும் பின்னால் போவான் என்ற நிச்சயம் இன்றில்லை. வேலையற்ற பகற்பொழுது ஒரு வாலிபனுக்கு எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்திய அரசாங்கத்தின் சமூக நீதி அமைச்சகம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தைக் கொண்டு தேசமெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2019-இல் அறிக்கை வெளியிட்டது. 10 வயது முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துவோர் என்றும், கஞ்சா வகைகளை உட்கொள்வோர் சுமார் 3 கோடி, அபினி வகைகளை உட்கொள்வோர் இரண்டேகால் கோடி என்றும் அது கண்டது. எனக்கு இவற்றினும் பெரிதாகப்பட்டது வேறோர் எண். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வீட்டிலுள்ளவர்கள்தாம், பெரும்பாலும் தாய்மார்கள்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குத் தணிக்கைக்காக அமர்ந்திருந்தபோது, அறுபது வயதிருக்கும் அங்கத்தினர் ஒருவர் சிக்கன நிதியில் தமக்குள்ள தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டு மனுவுடன் வந்தார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் செலவு' என்றிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் வாங்கியிருந்த இரண்டு கடன்களுக்கும் காரணம் அதுவே.

"பெரியவரே, வீட்டில் கலியாணமா?" என்றேன்.

"இல்லீங்க ஐயா. பையன் வெளியில் கடன் வாங்கிவிட்டான். கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள்" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான்தானே ஐயா அவனுக்கு ஜாமீன்" என்றார்.

தறியில் கட்டவேண்டிய பட்டு நூலில் பாதியை அவன் விற்றுவிட்டதும் அப்புறம் தெரிந்தது. அப்பெரியவர் கூறிய சொல்லை நான் பலமுறை எண்ணிப்பார்த்ததுண்டு. ஜாமீன் என்பதன் பொருளை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? கடன் வாங்கியவன் தவறினால் ஜாமீன் கட்டுகிறான். ஆனால் கட்டும்போது, இனி அவனுக்குக் கடன் கொடுக்காதே என்று சங்கத்திற்கு எழுதிக் கொடுக்கவும் செய்கிறான். பிள்ளைக்கு ஜாமீன் நிற்கும் பெற்றோர் முதற்பாதியை மட்டுமே செய்கிறார்கள். கடன்காரனுக்குக் கட்டுகிறார்கள்; முதலாளியிடம் 'காய்ச்சல்' என்று பொய் சொல்லி விடுப்புக் கேட்கிறார்கள்; உடைந்த வண்டியைச் செப்பனிட்டுக் கொடுக்கிறார்கள். இதனால் பழக்கத்தின் விலையை மகன் அறிவதேயில்லை. அதைத் தாலிச் சரடு வரை விற்றுத் தாய் கட்டுகிறாள்.

அப்படியானால் வீட்டைவிட்டு விரட்டிவிடுவதா என்றால், அதையும் நான் ஒப்பவில்லை. மேல்நாட்டில் பதினெட்டு வயதானவன் தனியே போய்விடுவது இயல்பு. நம் வீட்டில் மகன் கலியாணத்திற்குப் பின்னும் அதே கூரையின்கீழ் இருப்பவன். அவனை வெளியேற்றுவது நம் வழக்கத்தில் கருமாதி செய்வதற்குச் சமம். விரட்டப்பட்டவன் போய்ச் சேருமிடமும் அதே நண்பர் கூட்டமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றுண்டு; அது ஆராய்ந்து பார்க்கப்பட்டதும் ஆகும்.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேயர்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும், குடிப்பவருக்குப் பதிலாக அவர் குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் முறையொன்றை வகுத்தனர். 'கிராப்ட்' என்று அதைச் சுருக்கி வழங்குவர். சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளரின் குடும்பத்தினர் 130 பேரை மூன்று பிரிவாக்கி, 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். அல்-அனான் என்னும் குடும்பத்தார் சங்கத்தின் வழியில், 'அவரைத் திருத்துவதை விட்டுவிட்டு உன் மனத்தைக் காத்துக்கொள்' என்று போதிக்கப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 13 பேரின் நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தனர். உற்றார் யாவரும் கூடி அவரை நடுவில் உட்காரவைத்து எடுத்துக்கூறும் முறையில் நூற்றுக்கு 30. மேயர்ஸ் முறையில் நூற்றுக்கு 64. இரண்டாவது முறை நமக்குப் புதிதன்று. மாமன், பெரியப்பன், ஊர்ப் பெரியவர் எல்லாரும் திண்ணையில் அமர்ந்து பையனை நிற்கவைத்துக் கேட்கும் நம்மூர்ப் பஞ்சாயத்துக்கு அது தூரத்து உறவு. தலைகுனிந்து சத்தியம் செய்துவிட்டு, அன்று மாலையே அவன் வேறு தெருவழியாகப் போவதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

மூன்றாவது முறையின் சாரத்தை நம் வீட்டுக்கு ஏற்பச் சொல்லிப் பார்க்கிறேன். போதையிலிருப்பவனோடு பேசாதே, பேசுவது அவனன்று. காலையில், தலை தெளிந்தபின், பத்து நிமிடம் தாழ்ந்த குரலில் பேசு. 'நேற்றும் இப்படி வந்தாயே' என்று தொடங்காமல், 'நேற்று இரவு இரண்டு மணி வரை உறங்காமல் கிடந்தேன்' என்று உன் நிலையைச் சொல். அவன் தெளிவாக வீட்டிலிருக்கும் நாளில் அவனுக்குப் பிடித்த குழம்பை வை, அருகில் உட்கார், தறிக்குத் தார் சுற்றும்போது அவனையும் கூப்பிட்டுப் பேச்சுக் கொடு. அவன் மயங்கி வந்த நாளில் திட்டவும் வேண்டாம், பரிமாறவும் வேண்டாம். எழுந்து உள்ளே போய்விடு. கையில் ரொக்கம் தராதே. கல்லூரிக் கட்டணமானால் கல்லூரியில் கட்டு, மருந்தானால் மருந்தை வாங்கிக் கொடு. அவன் தாறுமாறாகப் போட்ட பொருளை நீ எடுத்து வைக்காதே. அவன் வாங்கிய கடனை அவனே போய்ச் சந்திக்கட்டும். 'எனக்கே வெறுப்பாயிருக்கிறது' என்று அவனாகச் சொல்லும் நாள் ஒன்று வரும். அந்நாளில் போகவேண்டிய மருத்துவமனையையும், அங்கே எந்தக் கிழமை யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே விசாரித்து வைத்திரு. மறுநாள் வரை காத்திருந்தால் அந்த மனம் மாறிவிடும்.

கைமேல் அடிக்க வந்தாலோ, ஆயுதம் எடுத்தாலோ இப்பொறுமை செல்லாது. அப்போது வயதானவர்களும் பெண்பிள்ளைகளும் அடுத்த வீட்டிற்குப் போய்விடுவதும், வேண்டுமாயின் போலீசை அழைப்பதும் பாவமாகா.

இனி நம்மிடையே வழங்கும் வைத்தியங்களைப் பார்ப்போம். அவற்றுள் தலையாயது கலியாணம். 'கால்கட்டுப் போட்டுவிட்டால் திருந்திவிடுவான்' என்று சொல்லி, அவனுடைய பழக்கத்தை மறைத்து, எங்கோ ஓர் ஏழை நெசவாளியின் மகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து அப்பெண் கைக்குழந்தையுடன் பிறந்தகத்தில் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். தாயாலும் தந்தையாலும் இருபது ஆண்டில் செய்ய முடியாததை, இருபது வயதுப் பெண் ஒருத்தி எங்ஙனம் செய்வாள்? நூலில் கலப்படம் செய்து விற்பவனைச் சங்கத்தை விட்டு நீக்குகிறோம். இக்கலப்படத்திற்கு மட்டும் நாம் தாம்பூலம் வாங்கிக்கொண்டு சாட்சியாக அமர்கிறோம்.

அடுத்தது, அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து. டைசல்பிராம் என்பது 1940-களின் இறுதியில் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் ஜேக்கப்சன், ஹால்ட் என்னும் இருவர் மதுவுக்கு எதிராகப் பயன்படும் என்று கண்ட மருந்து. அதை உண்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். டாக்டர் சொல்லி, அவனும் ஒப்பி உண்டால் அது அவனுக்குக் காவல். தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. விலாசமில்லாத விளம்பரங்களில் விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியுமோ, தெரியாதோ!

சபரிமலைக்கு மாலையிடுவதை நான் குறைகூற மாட்டேன். ஒரு மண்டலம் தொடாதிருந்து, திரும்பி வந்த மறுநாள் தொடங்கிவிடுகிறார்கள் என்று சிலர் நகைப்பர். நகைப்பதற்கு இடமில்லை. அத்தனை நாள் அவனால் இருக்க முடிந்தது என்பதற்கு அது சான்று. விரதத்தில் அவனுக்குக் கிடைத்தது என்ன? காலையில் எழ ஒரு காரணம், உடன்வர ஒரு கூட்டம், 'சாமி' என்று அழைக்கும் மரியாதை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்ட அமெரிக்கப் போர்வீரர்களை, 1971-க்குப் பின் அவர்கள் ஊர் திரும்பியதும் லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. இடமும் கூட்டமும் மாறியது அதற்குப் பெருங்காரணம் என்பர். மாலை கழற்றிய மறுநாள் நம் பையன் பழைய தெருமுனைக்கே திரும்புகிறான், அவ்வளவே வேறுபாடு.

இவை எல்லாவற்றிலும் கொடியது கட்டிப்போடுதல். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், தீப்பிடித்த கொட்டகையிலிருந்து ஓட முடியாமல் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுத்திருக்கிறது. மதுவாலும் லாகிரியாலும் வரும் மனக்கோளாறுகளும் அச்சட்டத்தில் அடங்கும். ஆகவே, 'வண்டியில் நாலுபேர் வந்து தூக்கிப்போய் மூன்று மாதம் பூட்டிவைத்துத் திருத்தித் தருகிறோம்' என்று சொல்லும் விடுதிகளிடம் பெற்றோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அரசாங்கத்தின் அனுமதி உண்டா, டாக்டர் உண்டா, பெற்றோர் பிள்ளையைப் பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டே பணத்தை எடுக்கவேண்டும்.

பலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவது, 'போலீசுக்குத் தெரிந்துவிடுமே' என்ற அச்சத்தால். 1985-ஆம் ஆண்டு லாகிரிப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவை அவர்கள் அறிந்துகொள்வது நலம். உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்குள்ளான அடிமை, தானே முன்வந்து அரசாங்கம் நடத்துகிற அல்லது ஏற்றுக்கொண்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக அவன்மேல் வழக்கு நடத்தலாகாது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அச்சலுகை திரும்பப் பெறப்படலாம். விற்பவனுக்கு இச்சலுகை கிடையாது. பையன் தன் செலவுக்காகப் பிறருக்கு விற்கத் தொடங்குவதற்கு முன் அவனை அழைத்துப்போக வேண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலைப் பற்றிச் சில செய்திகளைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். சிலர் இறப்பதும் உண்டு. வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தச் செய்வது ஆகாது என்பது இதனாலேயே. அபினி வகை மாத்திரையோ ஊசியோ பழகியவன் சில வாரம் விட்டிருந்து, பின் பழைய அளவையே எடுத்தால், உடல் அதைத் தாங்காமல் மூச்சு நின்றுவிடும். சிகிச்சை முடிந்து வந்த முதல் மாதங்களில் இவ்வாபத்து மிகுதி. கஞ்சா பச்சிலைதானே என்று எளிதாக எண்ணுவோருக்கு, சுவீடன் தேசத்தில் 1969-70-இல் ராணுவத்திற்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 வாலிபர்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஐம்பது தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு, புகைக்காதவரைப்போல் ஆறு மடங்கு மனச்சிதைவு நோய் கண்டிருந்தது. இளமூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருப்பது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

சிகிச்சை பெற்றவன் மீண்டும் தொடங்கிவிட்டால் பெற்றோர் 'எல்லாம் வீண்' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் வரை ஒருமுறையேனும் திரும்ப வீழ்வர் என்பது டாக்டர்களின் கணக்கு. இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பவர்களும் ஏறக்குறைய அதே அளவில் தவறுகிறார்கள். அவர்களை யாரும் ஏசுவதில்லை. பாவில் இழை அறுந்தால் தறியையா கொளுத்துகிறோம்?

சென்னையில் இதற்கென ஏற்பட்ட டி.டி.கே. மருத்துவமனையின் வரலாறு குறிப்பிடத்தக்கது. மத்திய நிதி அமைச்சராயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் மாண்டார். பொருளுக்கோ படிப்புக்கோ அந்த வீட்டில் குறைவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அமெரிக்கா சென்று பயின்று வந்து, 1980-இல் கணவர் பெயரால் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரும் சிகிச்சையில் பங்குகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. 1989 முதல் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் நடத்தி, விவசாயிகளுக்கு ஊரிலேயே சிகிச்சை அளிக்கவும் வழி செய்தார்கள். கிராமத்துக்காரரும் வருவார்கள் என்று அம்முகாம் காட்டிற்று.

நம் சங்கங்களால் ஆவது என்ன? பெரிய திட்டம் எதையும் நான் கூறப்போவதில்லை. மகனின் சிகிச்சைக்கென ஓர் அங்கத்தினர் கடன் கேட்டால், 'குடும்பச் செலவு' என்று எழுதச் சொல்லாமல், மருத்துவச் செலவு என்றே எழுதி ஏற்கலாம். காரியதரிசி அதை அடுத்த கூட்டத்தில் உரக்கப் படிக்காமலிருக்கலாம். அடுத்தடுத்து அவசரக் கடன் கேட்கும் வயதான அங்கத்தினரிடம், கையெழுத்து வாங்குமுன், தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்கலாம். சிகிச்சை முடிந்து வந்த வாலிபனுக்கு, நூல் பொறுப்பைக் கொடுக்கத் தயக்கமானால், சாயப்பட்டறையிலோ கிடங்கிலோ நாட்கூலி வேலை தரலாம். கூலியை வாரத்தின் கடைசி நாளில் கொடுப்பதற்குப் பதில் திங்கட்கிழமை கொடுக்கலாம். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயச் சங்கங்கள் அறுவடைப் பணத்தைத் தந்தை, தாய் இருவர் பெயரிலும் கணக்கு வைத்துச் செலுத்தலாம்.

முற்கூறிய பெரியவர் அன்று சிக்கன நிதியில் பாதியே எடுத்துச் சென்றார். மறுபாதியைச் சங்கத்திலேயே விட்டுவைத்தார். கடன்காரர்களிடம் மகனையே அழைத்துப்போய், 'இவன் மாதம் இவ்வளவு கட்டுவான், நான் கட்டமாட்டேன்' என்று சொன்னதாக மறுமுறை சென்றபோது தெரிவித்தார். மகன் இரண்டு மாதம் கட்டிவிட்டு மூன்றாம் மாதம் தவறினான். தாயார் தனியே ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தார்.

தனியே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். ஜிப்மரின் மனநலப் பிரிவில் போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை உண்டு. பிள்ளை வர மறுக்கும்போது பெற்றோர் மட்டும் சென்று யோசனை கேட்பதைத் தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். போகும்போது, அவன் எதை, எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது எடுத்தான் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; அலமாரியில் அகப்பட்ட மாத்திரை அட்டை ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனைக்கு நேரே போகக் கூசுவோர் 14446 என்ற எண்ணுக்கு முதலில் பேசலாம். இது லாகிரிப் பழக்கத்திற்கென அரசாங்கம் வைத்திருக்கும் எண். மனக்கலக்கம் எதுவாயினும், தாய்மார் தம் துயரத்தையே சொல்வதாயினும், 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை.